மணி அடித்ததும் நின்றவர்

வாயை அடக்கத் தெரியாமல் நான் மாட்டிக்கொண்ட இடங்கள் பல. அவற்றில் ஒன்று மட்டும் டிவியில் வந்தது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், மைன்ஸ், மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. ஆண்டர்சன்பேட்டை மைதானத்தில் உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் ஒரு போட்டியைப் படம் பிடித்தார்கள். பெரிய சேனல்களில் வருகிற மாதிரிதான், பாதி மூளைக்கு, பாதி உடம்புக்கு. கறுப்புத் தார்ப்பாயால் நீளமாக ஒரு குகை. அதற்குள் அப்பா தவழ வேண்டும். வெளியே பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லி, சரியாக இருந்தால் ஒரு முறை மணி அடிக்க வேண்டும். விசில் ஊதியதும் உள்ளே இருப்பவர் தவழத் தொடங்கலாம்; ஒவ்வொரு மணிக்கும் வழியில் இருக்கும் ஒரு பந்தை எடுக்கலாம். மூன்று நிமிடத்துக்குள் மூன்று பந்தோடு வெளியே வந்தால் ஒரு சைக்கிள்.

சைக்கிள் எனக்குத்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். யாரை முதலில் பின்னால் உட்கார வைப்பது என்பதுகூட முடிவாகிவிட்டது. என் அப்பா இருபது வருடம் பூமிக்கடியில் இருந்தவர். சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஆட்களை ஏற்றி இறக்கி மணி அடித்தவர். தார்ப்பாய் குகை அவருக்கு எம்மாத்திரம்?

அப்போது அவர் பெங்களூரில் நைட் வாட்ச்மேன். சாயங்காலம் ஊரிகத்தில் ரயில் ஏறினால் மறுநாள் காலையில்தான் வருவார். பகலில் தூங்குவார். போட்டியன்று தூங்காமலே மைதானத்துக்கு வந்து, விதிகளைச் சொன்னபோது நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

விசில் ஊதியதும் அவர் போன வேகத்தைப் பார்த்துக் கூட்டமே கை தட்டியது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லி மணியை அடித்தேன். தார்ப்பாயில் நகர்ந்துகொண்டிருந்த மேடு சட்டென்று நின்றது. இரண்டாவது பதில், இன்னொரு மணி. மேடு அசையவில்லை. மூன்றாவதற்கும் அப்படியே. "போப்பா, போப்பா" என்று கத்தினேன். ஸ்பீக்கர் பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நேரம் முடிந்து ஹாரன் ஊதினார்கள். கூட்டம் சிரித்தது.

அப்பா உள்ளேயே இருக்க, மைக் பிடித்திருந்தவர் என்னிடம் குனிந்தார். "இன்னா பாப்பா, அப்பா உள்ளயே தூங்கிட்டாரா?"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதைவிட அவரைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று தோன்றியது. "ஆமா சார், வூட்லயும் இப்டிதான். எந்நேரமும் தூங்கினே இருப்பாரு."

அதற்குக் கிடைத்த கைதட்டல் அவருக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. அதற்குள் அவர் வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவராகவே சொன்னார்: "ஓடும்போது ஒரு மணி அடிச்சா கேஜ் நின்னுடணும்மா. அப்டியே பழகிப்போச்சு. மறுபடி எறங்க ரெண்டு மணி ஒண்ணா வரும்னு பாத்துனு இருந்தேன்." எனக்கு அது வெறும் சாக்காகப்பட்டது. அவரை விட்டு வேகமாக முன்னால் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை டிவியில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் அப்பாவே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நான் சொன்னதை வெட்டியிருப்பார்கள் என்று நம்பினேன். வெட்டவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அந்த வெட்கம் இன்றுவரை என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் அப்பா விழித்திருந்தார். தலை வாரி, சட்டை போட்டு, கையில் பேப்பரோடு நாற்காலியில் இருப்பார். அப்பா இப்போதெல்லாம் பகலில் தூங்குவதே இல்லை என்று வகுப்பில் பெருமையடித்தேன்.

பள்ளிக்கூட மணி எங்கள் லைன் வீடு வரை கேட்கும். கடைசி மணி அடித்ததும் எழுந்து, முகம் கழுவி, பாயைச் சுருட்டி மறைத்துவிடுவாராம். அம்மா இதைச் சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. நான் வீட்டிலேயே இருந்த லீவு நாட்களில் எப்போது தூங்கினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.