றெஜினா அக்கா அழித்த பனிமூட்டம்

சுவிஸில், ஊஸ்டரில் ஒரு களஞ்சிய வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது வேலை. ரயில் நிற்கப்போகும் நேரத்தில் றெஜினா அக்காவின் மகள் ஷர்மி அழைத்தாள். “அம்மா போயிட்டா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவில்லை. அடுத்த நிலையத்திலும் இறங்கவில்லை. யன்னலுக்கு வெளியே வயல்கள் பனிமூட்டத்தில் ஓரமில்லாமல் கிடந்தன. இதே மூட்டத்தை அக்கா ஒரு கவிதைக்குள் விட்டிருந்தார். அதை வெளியே எடுக்கவைத்தது நான்தான்.

உங்களில் பலருக்கு றெஜினா அக்காவை அவருடைய மொழிபெயர்ப்புகளால் தெரியும். மன்னார்ப் பெண். ஆராவில் ஒரு சலவைச்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் படுக்கை விரிப்பு மடித்தவர். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தது எமினே என்ற துருக்கிக்காரி. இரண்டு முனைகளும் சேரும்போது ஒரு சொல், விலகும்போது ஒரு சொல் என்று அக்கா அந்த மொழியைப் படித்தார். நான் அதையே சூரிச் பல்கலைக்கழகத்தில் மூன்று அரையாண்டு படித்துப் பாதியில் விட்டவள். நவீன துருக்கிக் கவிதையில் இடமும் வெளியும் கதையை எப்படி உருவாக்குகின்றன என்று ஒரு கட்டுரை தொடங்கினேன். நாலு பக்கத்தோடு அலுத்துவிட்டது. அந்த நாலு பக்கத்தை அக்கா பொறுமையாக வாசித்தார்.

“பிள்ளை, இதில ஆள் இருக்க ஒரு கதிரைகூட இல்லையே” என்றார்.

அக்கா எந்தக் கவிதையை எடுத்தாலும் முதலில் அதன் வரைபடத்தைக் கீறுவார். சலவைச்சாலைப் படிவத்தின் பின்பக்கத்தில், பென்சிலால். வீடு எங்கே, கடல் எந்தப் பக்கம், பேசுகிற ஆள் எதைப் பார்த்து நிற்கிறார். “ஆள் எங்க நிக்குதெண்டு முதல்ல பார். என்ன சொல்லுதெண்டு பிறகு பாக்கலாம்” என்பது அவருடைய விதி. துருக்கிக் கவிஞர்கள் கதையை நேராகச் சொல்வதில்லை, ஆளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பார். ஹோட்டல் அறையில் நிறுத்தினால் ஒரு கதை. தேநீர்த் தோட்டத்தில், எதிரே வெறும் கதிரையோடு இருத்தினால் வேறு கதை. சிறை முற்றத்தில் நிறுத்தினால் ஆள் வாயே திறக்க வேண்டியதில்லை.

ஒருநாள் மத்தியானம் சமையலறையில் இரண்டு கதிரைகளை முதுகோடு முதுகாகப் போட்டார். படகுத் தளத்தில் இருவர் அப்படி இருக்கிற ஒரு காதல் கவிதை. என்னை ஒன்றில் இருக்கச் சொல்லி, காதலைச் சொல்லு என்றார். சிரித்துக்கொண்டு சொன்னேன். மற்றக் கதிரையிலிருந்து, “கேக்கேல்லை” என்றார். சத்தமாகச் சொன்னேன். “இப்ப எல்லாருக்கும் கேட்டிட்டுது. அவன் அதுதான் சொல்லாமல் விட்டவன்” என்றார். அவ்வளவு நாளும் எங்கள் இருவருக்கும் பிடிபடாத கடைசி வரி அப்படித்தான் தமிழில் வந்தது. அரிசி வெந்துகொண்டிருந்தது. யன்னலெல்லாம் ஆவி. அந்தச் சமையலறை கொஞ்சம் நகர்ந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

அக்கா இஸ்தான்புல்லைக் கண்டதில்லை. முதலில் பயணப் பத்திரம் சரியில்லை. அது சரிவந்தபோது சிறுநீரகம் சரியில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை, மொழிபெயர்ப்புகள் புத்தகமாகிக் கையில் வர வேண்டும். ‘இறங்கும் படிகள்’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் வந்த கவிதையில் ஒருவன் படிக்கட்டுத் தெருவின் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கடல் தெரியவில்லை. கப்பல் ஊதுவது மட்டும் கேட்கிறது. கடைசி வரியில் ஒரு கதவு. ஊரைவிட்டுப் போகிறவன், படி இறங்க மனம் வராமல் நிற்கிறான், கதவு அவன் நினைவில் வருகிறது என்று அக்கா வாசித்திருந்தார். கடல் ஏன் தெரியவில்லை? வரைபடத்தில் படிக்குக் கீழே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பனிமூட்டம் போட்டிருந்தார். தமிழிலும் அரை வரி மூட்டம் சேர்த்திருந்தார்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மலிவாக டிக்கெட் கிடைத்ததும் அந்த வரைபடத்தோடு இஸ்தான்புல்லுக்குப் பறந்தேன். கவிஞர் தெருவின் பெயரைத் தலைப்பிலேயே வைத்திருந்ததால் கண்டுபிடிப்பது லேசு. அக்கா டயாலிசிஸ் கதிரையில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து வீடியோவில் அழைத்தேன். மெல்ல நட, மெல்ல நட என்றார். அரைக்கண் மூடியிருந்தது. மேலே இருந்து இறங்கிப் பாதியில் நின்றேன்.

“கடல் எங்க?”

“முன்னால, அக்கா. கண்ணைப் பொத்தினாத்தான் தெரியாது.”

“நெபல் இல்லையோ?” ஆராவில் வருடத்தில் பாதி நாள் எங்களை மூடுகிற மூட்டத்தின் பெயர் அது.

“இல்லை.”

திரும்பி மேலே பார்த்தேன். ஒரு சுவர், கொடியில் வெள்ளை விரிப்புகள், ஒரு பூனை. கடல் இல்லாமல் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் கப்பல் ஊதியது. எனக்கு யோசித்துப் பேசிப் பழக்கமில்லை.

“அக்கா, அவன் இறங்கேல்லை, ஏறுறான். மூச்சு வாங்கத்தான் நிக்கிறான். கதவு அவன்ர வீட்டுக் கதவு. நெபல் நீங்கள் ஆராவில இருந்து கொண்டுபோனது.”

அக்கா கண்ணை முழுதாகத் திறந்தார். பிறகு சொன்னார்: “நாங்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட ஆக்கள், பிள்ளை. ஆர் படியில நிண்டாலும் போறான் எண்டுதான் எங்களுக்குத் தெரியுது.”

பிரதி அடுத்த கிழமை அச்சுக்குப் போவதாக இருந்தது. எனக்குப் பயம் வந்தது. விடுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது என்றேன். “இப்ப எனக்குத் தெரியுமே” என்றார்.

புத்தகத்தை நிறுத்தினார். ஒரு மனிதனின் துக்கம் முழுவதையும் களைப்பாக மாற்ற வேண்டியிருந்தது. அது சொல்லை மாற்றுகிற வேலை அல்ல. உடம்பு இடம் கொடுத்த மணித்தியாலங்களில் செய்தார். அந்தத் தெரு தூக்கத்தில் வருகிறது, விரிப்புகளை எமினேயோடு மடித்துக்கொண்டே ஏறுகிறேன் என்று ஒருமுறை செய்தி அனுப்பியிருந்தார். கடைசியாக அழைத்தபோது நான் வேலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆள் முதல்ல என்ன செய்யும்? எனக்கு மறந்துபோச்சு” என்றார்.

“வாசல்ல சப்பாத்தைக் கழட்டும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னாரில் அவருடைய வீடு இருந்த இடத்தில் இப்போது வீடு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடக்கப் பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே நின்றபோது ஷர்மி என்னிடம் வந்தாள். “நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா அம்மா புத்தகத்தைக் கையில பிடிச்சிருப்பா” என்றாள். உண்மைதான். பிறகு ஒரு உறையை நீட்டினாள். உனக்கெண்டு எழுதி வைச்சிருக்கிறா என்றாள்.

புத்தகம் வரும். பெயர் ‘படிகள்’ மட்டும். அந்தக் கவிதையில் இப்போது மூட்டம் இல்லை.

உறைக்குள் இருந்தது நான் திருப்பிக் கொடுத்திருந்த அந்த வரைபடம். பனிமூட்டத்தை அழிறப்பரால் தேய்த்த தேய்ப்பில் தாள் மெலிந்து வெளிச்சம் ஊடுருவுகிறது. முன்பு கீழ்நோக்கியிருந்த அம்புக்குறி மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. கதவுக்கு வெளியே புதிதாக ஒரு சோடி கீறியிருக்கிறார். அந்த மனிதனின் சப்பாத்து அல்ல. பெண்கள் போடுகிற வார்ச் செருப்பு, சின்ன அளவு, அக்காவின் கால் அளவு. கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது.

அதை நான் வைத்திருக்கிறேன்.