கூரைக்கு வெளியே பன்னிரண்டு தறி

“…அப்ப என்ட பன்னிரண்டு தறியையும் ஜின்னு தூக்கிட்டுப் போயிட்டெண்டா எழுதியிரிக்கீங்க, தம்பி?”

காத்தான்குடியில் கைத்தறிக் கொம்பனி நடத்தும் ஜெமீலா ராத்தா, நான் நீட்டிய தாளைப் பார்த்துக் கேட்டா. கணக்கீட்டு நியமப் படிவத்தில் நான் செய்த முதல் ஐந்தொகை அது; சொத்து ஒரு பக்கம், கடனும் முதலும் மறுபக்கம் என்று சமப்பட வேண்டிய கணக்கு. இப்போது அதற்கு நிதிநிலைமைக் கூற்று என்று பெரிய பேர். நானோ பட்டம் படிக்காமல், பழைய பைல்களைப் பார்த்துப் பார்த்துக் கணக்குத் தொழில் பழகினவன். சாயக் கொட்டில் கட்ட ராத்தா கேட்ட லோனுக்கு, பின்னேரத்துக்குள் அதை வங்கியில் கொடுக்க வேண்டும்.

“ரெஜிஸ்டர்ல பதினெட்டுத் தறி. இஞ்ச எண்ணினா ஆறுதான் இரிக்கி, ராத்தா. மிச்சத்த வெட்டிட்டன்.”

“அது பொண்டுகள்ற ஊட்ட இரிக்கி! கைப்புள்ளையோட அவளுகள் இஞ்ச வந்து நெய்வாளுகளா? நான்தான் தறியக் கழட்டி அனுப்பின. நூலும் நம்மட, துணியும் நம்மட, தறியும் நம்மட.”

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. ‘ஆதனம், பொறி, உபகரணம்’ என்று சொத்தைக் காட்டும் வரியே நிமிர்ந்துவிடுமே! இலக்கம் எழுதிய ஸ்டிக்கர்களோடு ஓட்டோவில் பாய்ந்தோம். எந்தத் தறி எந்த வீட்டில் என்று ராத்தா எழுதி வைக்காததால், தறிச் சத்தம் கேட்ட வளவிலெல்லாம் இறங்கினோம்.

“அந்தா ஒண்டு! டக்கு டக்கெண்டுது, கேக்கல்லையா? உங்கட காதுக்கும் ஒரு ஒடிட் வேணும்,” என்றா ராத்தா.

ஓடிப்போய்ப் பார்த்தால், தச்சுவேலை ஓடாவியார் கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்! ராத்தா சிரித்த சிரிப்பில் ஓட்டோவே ஆடியது.

பதினொரு தறி கிடைத்தது. கடைசி, ராத்தாவுக்கு நெய்து கொடுக்கும் நிஸாவின் வீடு. நான் பன்னிரண்டாம் ஸ்டிக்கரை ஒட்டியதும் அவள் தறியை மறித்து நின்றாள்.

“ராத்தா, இது என்ட கலியாணத்துக்கு நீங்க தந்ததெல்லுவா? இப்ப வங்கிக்காரன் தூக்கவா?”

ராத்தாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

“பன்னிரண்டும் இருந்தா லோன் நிச்சயம்,” என்றேன். “ஒண்டு குறைஞ்சா மெனேஜர் என்ன சொல்லுவாரோ தெரியா.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நம் கூரைக்குள் கிடப்பதெல்லாம் சொத்து என்றில்லை. நம் ஆளுகையில் இருப்பதுதான் சொத்து. தெருத்தெருவாகக் கிடந்த பதினொன்றும் கொம்பனியுடையவை. கொடுத்துவிட்ட ஒன்று கொம்பனியுடையதல்ல. பிறகு பதினொன்றோடேயே இரண்டு பக்கமும் சமப்பட்டது, லோனும் வந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் அது எங்களுக்குத் தெரியாது.

ராத்தா தறியருகே போய், நகத்தால் அந்த ஸ்டிக்கரைக் கிள்ளி உரித்து, என் சட்டைப் பையின் மேல் ஒட்டினா.