தார்க் களிம்பு டப்பா

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த நர்ஸம்மா ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். பழைய டப்பாவைத் திறந்து, தார்க் களிம்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்காமல் புதியது தரமாட்டார்.

என் மனைவிக்கு உடம்பெல்லாம் செதில் படை. கர்ப்பத்தில் அடங்கிக் கிடந்தது, பிள்ளை பிறந்த மாதமே முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. தொத்து நோய் என்று பயந்து என் அம்மா பிள்ளையைத் தனியே வைத்து ஆட்டுப்பால் புகட்டினாள். பிள்ளை மெலிந்துகொண்டே போனது.

அன்று நான் நீட்டிய டப்பாவில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

"முதுகுக்கு யாருய்யா போடுறது?"

"ஒட்டிக்கிரும்னு பயம்மா. பிள்ளையைக்கூட எங்கம்மா தனியாத்தான் வச்சிருக்கு" என்றேன், தரையைப் பார்த்து.

"பிள்ளை உண்டானப்ப ஒட்டலை. மருந்து தடவுனாத்தான் ஒட்டிக்கிருமாக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இது தொத்தாதுய்யா. பிள்ளையைத் தாய்கிட்டக் குடுங்க. மார்புல மட்டும் களிம்பு வேண்டாம்."

சாயங்காலம் அம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கி மனைவி மடியில் போட்டேன். அவள் பால் கொடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து முதுகில் களிம்பைத் தடவினேன்.

அடுத்த முறை நர்ஸம்மா பழைய டப்பாவைத் திறக்கவே இல்லை. என் நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, புது டப்பாவை எடுத்து நீட்டினார்.