குங்குமம் என்று நான் துடைத்த புள்ளி

என்னைப்போல ஒரு மடையனை நம்பி யாரும் ஒரு டம்ளர்கூட வாங்கக் கூடாது. என் கொழுந்தியாள் எல்.சி.டி. மானிட்டரே வாங்கிவிட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி. கணபதியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, திருப்பூர் பனியன்களில் அச்சடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டி.வி. பெட்டி மாதிரியான பழைய மானிட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் சதா நீர் வடியும். இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்றார் டாக்டர். கண்ணை உறுத்தாத எல்.சி.டி. வாங்கச் சொல்லி, என் மாமனார் அன்னூரில் வாழை வெட்டிய பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டியிருந்த தகுதியில் நான் நிபுணராகக் கூடப் போனேன். திரையில் புள்ளி கிள்ளி தெரிந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பூசை. மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டிவிட்டு, கறுப்புப் பின்னணியில் ஒரு படத்தைத் திறந்தாள்.

"மாமா, இங்க செவப்பா ஒரு புள்ளி மின்னுதுங்களே?"

"குங்குமம் உதுந்திருக்கும் அம்மணி."

"குங்குமம் மின்னுமுங்களா?"

"நல்ல குங்குமம்னா மின்னும்."

"கடைக்காரர ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களா?"

"குங்குமத்துக்கெல்லாமா? சிரிச்சுப்போடுவாங்க."

சொன்னதோடு விட்டேனா? துண்டை நனைத்து, குத்துவிளக்கு துலக்குவதுபோல் அழுத்தித் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். புள்ளி அசையவில்லை; வெள்ளைத் திரையில் பார்த்தால் அதைச் சுற்றி நகத்தளவு கறை வேறு. அப்புறம்தான் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கடைக்காரர் காபி வரவழைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வெறும் புள்ளின்னா மாத்திக் குடுத்துருவனுங்க. இது அழுத்துனதுல வந்த கறைங்க. யாருங்க தேச்சது?"

வீட்டு மாப்பிள்ளையை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா?

"நாந்தானுங்க" என்றாள் அவள்.

வாயே ஓயாத நான் அந்த ஒரு நிமிடம் மட்டும் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். 'இல்லைங்க, நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

கறை விழுந்த இடத்தில் எந்த நிறமும் சரியாகத் தெரியவில்லை. பழைய பெட்டி மறுபடி மேசைக்கு ஏறியது. ஒரு கையில் ஈரக் கைக்குட்டை, மறு கையில் மவுஸ் என்று அவள் வரைவதைப் பார்த்தபடி கதவோரம் நின்றேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"அடுத்தது வாங்கையில நல்லாப் பாத்து வாங்கலாம் அம்மணி. நானும் கூட வாரேன்."

அவள் திரும்பவில்லை.

"வேண்டாமுங்க மாமா, நீங்க ஊட்லயே இருங்க."