துணைக்குப் பெண் வேண்டும்

என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்று, கோவையில் அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தினார்.

"உள்ள ஆம்பளைங்க தங்கக் கூடாதுங்க சார். தொணைக்குப் பொம்பளை ஆளு யாருமில்லீங்களா?"

"நான் இருக்கறனுங்க. வீட்டுக்காரன்."

"அது சரிங்க. பொம்பளை ஆளு வேணுமுங்க."

அவளுக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. தனி அறை கேட்டேன். காலி இல்லை என்றார்கள். மற்றக் கட்டில்களில் கிடந்த பெண்களின் கூச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு திரை போதாதா என்றுதான் கேட்டேன். "ரூல்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் திரும்பிப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் ஈரோட்டிலிருக்கும் அத்தையைக் கூப்பிட்டேன். என் அப்பாவின் தங்கை. கால்முட்டி இரண்டும் தேய்ந்துபோனவர். அன்று சாயந்திரமே பஸ் பிடித்து, கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி மாடியேறி வந்தார். "நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ போய் எதாச்சும் சாப்புடு" என்றார். அவரை உள்ளே விட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்த நான், கஞ்சி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தைக்கு மாமாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வார்டுக்குள் பேசக் கூடாது என்பதால் ஒவ்வொரு தடவையும் நொண்டி நொண்டி வெளியே வருவார். சர்க்கரை டப்பா எங்கே? காஸ் எப்படிப் பற்றவைப்பது? மஞ்சள் மண்டியில் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தே தரம் சொல்கிற மனிதருக்குத் தன் வீட்டுச் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆயாம்மா படியிறங்கி வந்தார். "சார், உங்க வீட்டம்மாவுக்குத் தையல்ல ரத்தம் கசியுதுங்க."

ஓடினேன். மறுபடியும் அதே வாசல். உள்ளே டாக்டர் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அத்தை வெளியே நின்று அழுதார். "தரையில படுத்திருந்தேன் கண்ணு, எந்திரிக்க முடியல. அவ கட்டில்லருந்து எறங்கி வந்து கை குடுத்துத் தூக்கிவுட்டுட்டா. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல."

அந்த நேரத்தில் அத்தையின் போன் அடித்தது. நான் வாங்கினேன்.

"ஏம்புள்ள, எப்ப வார? கடைச் சோறு வவுத்துக்குச் சேரமாட்டீங்குது."

"நான் பேசறனுங்க மாமா. அத்தைக்குக் கால்முட்டி வலின்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அது எப்பவும் இருக்கறதுதான மாப்பிள்ளை."

"சோறாக்கத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"ஆம்பளை நான் எப்படி மாப்பிள்ளை..."

"அந்த ஆம்பளைங்கற பேச்சாலதானுங்க என்ற பொண்டாட்டி இங்க ரத்தத்தோட கெடக்கறா!"

அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. மாமாவிடம் நான் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. போனை அத்தையிடம் நீட்டினேன். "அவருகிட்ட ஒருத்தரும் இப்படிப் பேசுனதில்ல கண்ணு" என்றார் அத்தை. பயமா சந்தோஷமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நான் வாசலை விட்டு நகரவில்லை. தலைமை நர்ஸ் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு அம்மா சத்தமாகச் சொன்னார்: "ஸ்கிரீனை இழுத்துவுடுங்கம்மணி. அந்தத் தம்பி இருந்துட்டுப் போகட்டும்." மற்றவர்களையும் கேட்டார்கள். கடைசியில் அவளைச் சுவரோரக் கட்டிலுக்கு மாற்றி, திரை இழுத்து, என்னை உள்ளே விட்டார்கள். முந்தின நாளே செய்திருக்கக் கூடிய வேலை.

அத்தையை எங்கள் வீட்டில் போய்ப் படுக்கச் சொன்னேன். "அவரு பட்டினி கெடப்பாருடா" என்று அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

மனைவி தேறி வீட்டுக்கு வந்தாள். சமையல், துணி, அவளைக் குளிக்கவைப்பது எல்லாம் நான்தான். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி என் கையில் கரண்டியைப் பார்த்துவிட்டு அவளிடம், "இப்படியொரு புருசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும் அம்மணி" என்றார்.

என் அப்பா படுக்கையில் விழுந்தபோது, கண்மூடும்வரை அவருக்கு மலம் அள்ளியவள் இவள். நான் காலையில் ஆபீஸ் போய்விடுவேன்; அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாகக்கூட ஞாபகமில்லை. இதே பெண்மணி அப்போதும் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

"எங்கப்பாவ இவ பாத்துக்கிட்டப்ப எங்கிட்ட யாரும் குடுத்து வெச்சவன்னு சொல்லலீங்களே?" என்று கேட்டேன்.

நான் ஏதோ வேடிக்கை பேசியதுபோல் அவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.