மூளித் தலைக்கு ஒரு கிரீடம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. ஆனால் ஊரில் யாரும் என்னைக் குமாஸ்தாவாக விட்டுவைக்கவில்லை. பழைய தபால் தலைகளில் எது அசல், எது கள்ளம் என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். அன்றோடு நிம்மதி போயிற்று. கோயிலில் சாமி கும்பிடும்போது தோளைத் தட்டுவார்கள். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து என் ஈரக் கையில் திணிப்பார்கள். பார்த்துவிட்டுக் கள்ளம் என்றால் கோபம் என் மேல்தான் வரும். "எங்க பெரியப்பா கொடுத்ததுலா. அவரு என்ன திருடனா?" என்பார்கள். நான் பெரியப்பாவைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன்.

இந்தத் தொல்லை வீட்டுக்குள்ளும் நுழைந்தது என் கொழுந்தியாள் பரிசத்தன்று.

என் மாமனார் தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்டாம்பு ஆல்பம் என்றால் அவருக்கு உயிர். அவருடைய இளைய மகளுக்கு, கடலுக்கு அக்கரையில் பிறை ஊர் ரயில் ஆபீஸில் வேலை செய்யும் பையனைப் பேசி முடித்திருந்தோம். பையன் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பெர்ரியில் வந்து இறங்கினார்கள். பரிசத் தட்டில் சேலை, பூ, பழம், வெற்றிலை பாக்கு. அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாளில் பழைய தபால் தலை ஒன்று. சம்பந்தியின் ஆசை தெரிந்து மாப்பிள்ளையின் அப்பா கொண்டுவந்திருந்தார்.

அது ரோஜா நிறத்தில் ராணியின் தலை போட்ட எட்டணா இந்தியத் தலை. அதன் மேல் நீல மையில் ஒரு கிரீடமும் சென்ட் விலையும். ஒரு காலத்தில் இந்தியத் தலைகளையே இப்படிக் கிரீடம் அச்சடித்து இந்தப் பக்கம் விற்றார்கள். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டில் இருந்த ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த மாமியார், அதே வேகத்தில் ராணியின் நெற்றியிலும் ஒரு பொட்டை வைத்துவிட்டார். மாமனார் அலறினார். "நல்ல காரியத்துக்கு வந்த பொம்பளைய வெறும் நெத்தியோடயா விடறது?" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை வீட்டார் போனதும், குங்குமத்தைத் துடைத்துத் தரச் சொல்லி ஸ்டாம்பு என்னிடம் வந்தது. துடைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். லென்ஸை எடுத்தேன். கிரீடம் அச்சுக்கூடத்தில் போடுவது. தபாலாபீஸின் கறுப்பு முத்திரை அதற்கு அப்புறம், கடிதத்தைப் போடும்போது விழுவது. ஆகவே கிரீடம் கீழேயும் முத்திரை மேலேயும் இருக்க வேண்டும். இங்கே கறுப்பு முத்திரையின் மேல் நீலம் ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருந்தது. சட்டைக்கு மேலே பனியன் போட்டவனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"மாமா, தலை அசல். கிரீடம் கள்ளம். யாரோ பின்னால போட்டிருக்கான்" என்றேன்.

அவர் காதில் கடைசிப் பாதிதான் விழுந்தது. "பரிசத் தட்டுல கள்ளச் சாமானா?" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஒரு ஸ்டாம்புல ஏமாத்தறவங்க என் பிள்ளைய எப்படி வச்சிருப்பாங்க?"

சம்பந்தியும் ஏமாந்திருக்கலாமே என்றேன். கேட்டால்தானே? ஸ்டாம்பைப் பற்றித்தான் சொன்னேன், சம்பந்தியைப் பற்றி இல்லை என்று தொண்டை வற்றக் கத்தினேன். மறுநாளே பிறைக்கு ஆள் போயிற்று. பதில் வரும்வரை பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். என் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். கொழுந்தியாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன் அத்தான், அந்த ராணியவிட நான் மட்டமா?" அதற்கு அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு லென்ஸைக் கடலில் வீசிவிடலாம் போல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம், நான் ஸ்டாம்பை நீட்டி, அது எங்கே கிடைத்தது என்று பணிவாகக் கேட்டேன்.

"எங்க தாத்தாவோட பழைய கடுதாசியில இருந்தது மாப்ளே. இந்த ஊர்லதான் போட்டிருக்காங்க, கறுப்பு முத்திரைச் சாப்பு பாருங்க. கிரீடம் மட்டும் இல்ல. மத்தவங்க வச்சிருக்கிற ராணிக்கெல்லாம் கிரீடம் இருக்கு, நம்ம வீட்டு ராணி மட்டும் மூளியா நிக்குது. பரிசத் தட்டுல மூளிய வைக்கலாமா? சொல்லுங்க. அதான் ரப்பர் சாப்பு வெட்டறவர்கிட்ட மாதிரி காட்டி, நல்லதா ஒண்ணு போடச் சொன்னேன்."

உள்ளேயிருந்து மாமியார், "அதானே! நானும் அதுக்குத்தானே பொட்டு வச்சேன்" என்றார். மாமனார் முதலில் முறைத்தார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கள்ளம் இல்ல சம்பந்தி, மரியாதை" என்றார். பத்திரிகை எப்போது அடிக்கலாம் என்று பேச்சு போயிற்று.

நான் ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கிரீடத்தையே பார்த்ததில், கறுப்பு முத்திரை எந்த ஊருடையது என்று பார்க்காமல் விட்டிருந்தேன். கிரீடத் தலைகள் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் வெறும் இந்தியத் தலைகளைத்தான் ஒட்டினார்கள். அவற்றில் பினாங்கு முத்திரையோடு தப்பியவை அபூர்வம். கிரீடத் தலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு மூளித் தலையை அதுவரை கண்ணால் கண்டதில்லை. கடைசியில் கண்டபோது அதன் மேல் ரப்பர் கிரீடமும், நெற்றியில் போகாத குங்குமச் சிவப்பும். இவர்களை உட்காரவைத்து, என்ன காரியம் செய்தீர்கள் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

கொழுந்தியாள் கோப்பித் தட்டோடு வந்தாள். மாமனாருக்குக் கொடுப்பதற்கு முன்னால், என் எதிரே ஒரு கோப்பையை டக்கென்று வைத்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா அத்தான்?"

சம்பந்தி என் முகத்தையே ஆவலோடு பார்த்தார். "கிரீடம் நல்லா வந்திருக்கில்ல மாப்ளே?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தேன்.