சிரித்துக் கலைத்த ஸ்கேன்

வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது அழகு நிலையக்காரிக்குப் பிறவியிலேயே வராத வித்தை. கத்தரிக்கோல் ஓடும் வேகத்துக்கு நாக்கும் ஓடும். நாளெல்லாம் நின்றே முடி வெட்டியதில் இடுப்பில் பிடித்த வலி கெண்டைக்கால் வரை இறங்கிவிட, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"குகை மாதிரி இருக்குமாம் அண்ணி. உள்ள போனா உலகமே தெரியாதாம்" என்று வழியெல்லாம் பீதியைக் கிளப்பினாள் துணைக்கு வந்த நாத்தனார்.

"நல்லது. உன் குரலும் கேக்காதுல்ல?"

அப்படிச் சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளூர உதறல்தான். பயம் வந்தால் ஊரில் மற்றவர்களுக்கு அழுகை வரும்; இவளுக்குச் சிரிப்பு வந்து தொலைக்கும்.

ஸ்கேன் எடுக்கும் பெண் தட்டை நீட்டினாள். "உள்ள இருக்கறது பெரிய காந்தம். உலோகம் எதுவும் கூடாது." தோடு, வளையல், கொண்டை ஊசிகள் என்று எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன.

"உடம்புக்குள்ள கம்பி, பேஸ்மேக்கர் ஏதாவது வச்சிருக்காங்களா?"

"இல்லம்மா, சரக்கெல்லாம் வெளியிலதான்."

"சரிக்கா. இது எக்ஸ்ரே மாதிரி இல்ல, கதிர்வீச்சு கிடையாது. வலிக்காது. சத்தம்தான் காதைப் பிளக்கும், பஞ்சு வச்சுக்கோங்க. அசையாம படுத்திருக்கணும். முடியலேன்னா இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க."

பலகை உள்ளே நகர்ந்தது. டொக் டொக் டொக். பிறகு யாரோ சுவரில் துளை போடுவது போல டுர்ர்ர்ர். அவள் உதட்டைக் கடித்தாள். வயிறு குலுங்கியது. பந்தை அமுக்கினாள்.

"என்னக்கா, பயமா இருக்கா?" என்றது ஒலிபெருக்கி.

"சிரிப்பா இருக்கு!"

"இடுப்பும் சேர்ந்து ஆடுது. படமெல்லாம் கலங்கிப் போச்சு. முதல்லேருந்து எடுக்கணும்."

மறுபடி தொடங்கியதும் இயந்திரம் கீ கீ என்று கத்தியது. மறுபடி பந்து. இந்த முறை ஒலிபெருக்கியில் பேச்சு வரவில்லை. களுக்கென்ற சத்தம்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் தொற்றிவிட்டது!

"வெளியே வாங்க. முதல்ல சிரிச்சுத் தீர்த்துடுவோம்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கதவுக்கு வெளியே நாத்தனார், "ஐயோ, அண்ணியை என்ன பண்றீங்க?" என்று அலறியதில் இன்னொரு சுற்று.

சிரித்து முடித்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. மறுபடி உள்ளே போனவள் கட்டை போலக் கிடந்தாள். பலகையை வெளியே இழுத்தபோது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்தான் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"என்ன தெரியுது?"

"படம் எடுக்கறதுதான் என் வேலை. டாக்டர் சொல்வார்."

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கி நரம்பை உரசுகிறதாம். ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சி செய்ய வேண்டும், விடாமல் நிற்கக் கூடாது.

அடுத்த வாரமே சக்கரம் வைத்த உயர முக்காலி ஒன்றை வாங்கினாள். கத்தரிக்கோலும் கையுமாக முதல் நாளே உருண்டு போய்க் கண்ணாடியில் முட்டி, "பிரேக் பிடிக்கலம்மா!" என்று பாதி முடி வெட்டிய வாடிக்கைக்காரியைப் பார்த்துக் கூவினாள்.